லிண்டா, லிண்டா, லிண்டா, ஓவர்

படகு மூழ்கிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் ஓட்டை. எஞ்சின் அறையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். உள்ளே மூன்று பேர். எந்தத் திசையில் பார்த்தாலும் கரை இல்லை. கண்ணையா மைக்கை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினார்.

"மேடே, மேடே, மேடே. லிண்டா, லிண்டா, லிண்டா."

பதில் இல்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் பிழிந்த சேலையை உதறாமல் வாளியிலேயே போட்டுவிட்டு, யாரிடமோ சொல்வதற்காகக் கீழே இறங்கிப் போனார்.

இடம், பெரியநாயக்கன்பாளையத்தில் கண்ணையாவின் சொந்த மொட்டைமாடி. கடல் என்பது அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சியில் இருந்தது. கையில் இருந்த மைக், டிவி ரிமோட். அது காணாமல் போனதால் கீழே மனைவி கோமளாவின் சீரியல் பாதியில் நின்றிருந்தது.

கண்ணையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தண்ணீர் பம்பு செய்யும் பட்டறை முதலாளி. போன வருஷம் ஒரு இறால் பண்ணைக்குப் பம்பு மாட்டக் கொச்சிக்குப் போனவர், பண்ணைக்குப் பின்னால் எஞ்சின் செத்துக் கிடந்த ஒரு பழைய ஃபைபர் படகைப் பார்த்தார். செத்த எஞ்சினைப் பார்த்தால் அவரால் சும்மா வர முடியாது. திறந்தார், துடைத்தார், கழற்றினார், மாட்டினார். அது இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியபோது அவர் மனசு அதோடு போயிருந்தது. வாங்கிவிட்டார்.

படகின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் லிண்டா என்று பெயர். வைத்தவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். லிண்டா அவருக்கு அம்மாவா, மகளா, வேறு யாராவதா என்று கண்ணையா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கோமளா கேட்ட முதல் கேள்வியே அதுதான். இன்றுவரை அதற்கு வீட்டில் பதில் கிடையாது.

அடுத்த சிக்கல் துறைமுகத்தில் வந்தது. படகு நன்றாக இருக்கிறது, எஞ்சின் பிரமாதம், லைஃப் ஜாக்கெட் சரி. ஆனால் உள்ளே இருக்கிற ரேடியோவைப் பேசத் தெரிந்தவர், அதற்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் யார் என்று கேட்டார்கள். நடுக்கடலில் செல்போன் செத்துப்போகும். ரேடியோ ஒன்றுதான் உயிர். லைசென்ஸ் இல்லாமல் முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணையா முதல் தடவை தேர்வு எழுதினார். எழுத்தில் பாஸ். பேச்சில் ஃபெயில்.

அன்று மாலையே கோமளாவின் தம்பி லட்சுமிநாராயணன் பீளமேட்டிலிருந்து ஒரு பெட்டி லட்டோடு வந்து இறங்கினான். ஆறுதல் சொல்ல வந்தவன் ஒரு வரைபடத்தையும் கொண்டுவந்திருந்தான். பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவில் அவனுக்கு ஒரு இடம் இருந்தது. அங்கே படகைத் தூக்கி வைத்து, சுற்றிலும் நீலப் பெயின்ட் அடித்து, உள்ளே தோசைக்கல் போட்டு, 'படகு ஓட்டல்' திறப்பது அவன் திட்டம். எஞ்சின் அறையில் கிரைண்டர் வருமாம்.

கண்ணையா கடித்த லட்டைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தார்.

கோமளா இரண்டு பேரையும் பார்த்தாள். தீர்ப்பு சொன்னாள்.

"அடுத்த தடவை லைசென்ஸ் வாங்கீட்டீங்கன்னா நானே உங்களோட படகுல ஏறி வாரனுங்க. வாங்கலீன்னா தம்பிக்குக் குடுத்துப்போடுங்க. அந்த லிண்டா தோசையாவது சுடட்டும்."

கண்ணையா ஒப்புக்கொண்டார். அதனால்தான் மாடி, ரிமோட், மேடே எல்லாம்.

*

கற்றுக்கொடுத்தவர் முகமது யூசுப். சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி. நாற்பது வயது. லீவில் உக்கடம் வந்திருந்தார். வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒயர் இழுத்து இரண்டு ரேடியோப் பெட்டிகளை இணைத்திருந்தார். ஒன்றில் அவர் கடலோரக் காவல்படை. இன்னொன்றில் கண்ணையா மூழ்கிக்கொண்டிருப்பவர். ஜன்னலுக்கு வெளியே உக்கடம் குளம், கடல் மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

முறை ரொம்ப எளிது. உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்கிற மேடே மூன்று தடவை. படகின் பெயர் மூன்று தடவை. எங்கே இருக்கிறோம், என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி. ஓவர். பொத்தானை விட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பேச்சு முழுசாக முடிந்தால் அவுட். அவ்வளவுதான்.

கண்ணையா எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வார். பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும்தான் சிக்கல்.

"ஏனுங்க, வணக்கமுங்க. கண்ணையா பேசறனுங்க, பெரியநாயக்கன்பாளையம். வேலையா இருக்கீங்களா? தொந்தரவு பண்ணீட்டனுங்களா? சாப்புட்டாச்சுங்களா?"

அடுத்த அறையில் யூசுப் பொறுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. படகு கொஞ்சம் மூழ்கறாப்ல இருக்குதுங்க. அந்தப் பக்கம் வர்ற வேலை எதாச்சும் இருந்தா, அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. இதுக்குன்னு மெனக்கெட வேண்டாமுங்க."

யூசுப் அறைக்குள் வந்து நின்றார். முகத்தில் துக்கம்.

"அண்ணா, நீங்க 'சாப்புட்டாச்சுங்களா'வுலயே இறந்துட்டீங்க. மிச்சத்தை உங்க ஆவிதான் பேசுச்சு."

கண்ணையா தலையைச் சொறிந்தார். ஒரு ஆளைக் கூப்பிட்டு, நல்லாயிருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல், எடுத்த எடுப்பில் எனக்கு இதைச் செய் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் நியாயம். பட்டறைக்கு மின்சாரம் போனால்கூட, மின்வாரிய ஆபீசில் போன் எடுப்பவரின் மகன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று விசாரித்த பிறகுதான் இருட்டைப் பற்றிச் சொல்வார். கெட்ட செய்தியை முதலில் சொல்வது அவர்கள் வீட்டில் வழக்கம் இல்லை. செய்தி பெரிதாக இருந்தால் காப்பி கொடுத்துவிட்டுச் சொல்வார்கள்.

அவுட் என்ற வார்த்தையோ அவர் வாயில் வரவே வராது. வந்தவரை வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்குப் பதிலாக, "சரிங்க, அப்ப வெச்சரட்டுங்களா?" என்பார். யூசுப் பதில் சொல்லாவிட்டால், "வெச்சர்றனுங்க" என்பார். வைக்க மாட்டார். எதிராளி வைக்கட்டும் என்று காத்திருப்பார். அதற்குள் ஒரு கப்பலே வந்து அந்த அலைவரிசைக்காக வரிசையில் நிற்கும் என்று யூசுப் கணக்குச் சொன்னார்.

எழுத்துகளைப் பிரித்துச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று உலகத்துக்கே பொதுவான பட்டியல் ஒன்று உண்டு. அது ஞாபகம் நிற்கவில்லை என்று அவிநாசி, பவானி, சென்னிமலை, தாராபுரம், ஈரோடு என்று அவரே ஒன்று தயாரித்து வந்தார். நார்வேக்காரக் கப்பலுக்குச் சென்னிமலை தெரியாது என்றார் யூசுப். நல்ல போர்வை கிடைக்கிற ஊர், தெரிந்துகொள்ளட்டும் என்றார் கண்ணையா.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. யூசுப் தன் லீவைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்.

அன்று வகுப்பு முடிந்து இருவரும் டீக்கடைக்குக் காரில் கிளம்பினார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் பஞ்சர். கண்ணையா இறங்கிப் பார்த்தார். போனை எடுத்தார்.

"கோமளா. உக்கடம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல. டயர் பஞ்சர். ரெண்டு பேரு. டிரைவர்கிட்ட ஸ்டெப்னி குடுத்து அனுப்பு."

வைத்துவிட்டார்.

யூசுப் டிக்கி மேல் கையை ஊன்றியபடி அசையாமல் நின்றார். பெயர். இடம். ஆபத்து. ஆள் கணக்கு. தேவையான உதவி. ஒரு மூச்சில், ஒரு பிசிறு இல்லாமல். பன்னிரண்டு வருஷக் கடல் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான ஓர் அழைப்பை அவர் கேட்டதில்லை.

"இப்ப என்னண்ணா பண்ணீங்க?"

"ஊட்டுக்குப் பேசினனுங்க."

"சாப்புட்டியான்னு கேக்கலீங்களே?"

"அவகிட்ட எதுக்குங்க கேக்கணும்?"

யூசுப் அவர் தோளைப் பிடித்தார். கடலோரக் காவல்படை என்பது வேறு யாரும் இல்லை, உங்கள் சம்சாரம்தான் என்று இனி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணையா நடுங்கிப்போனார். அவர்கள் கவர்மெண்டு ஆட்களாயிற்றே, அவர்களிடம் போய் இப்படிப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்றார். உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள் என்றார் யூசுப்.

*

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பழைய இன்டர்காம் இருந்தது. அதன் ஒரு முனை மாடிக்குப் போனது. இன்னொரு முனை சமையலறைக்கு, மிக்ஸிக்குப் பக்கத்தில். யூசுப் ஏற்பாடு. கடலோரக் காவல்படையாகக் கோமளா நியமிக்கப்பட்டாள்.

முதல் நாள் மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடே, மேடே, மேடே. லிண்டா, லிண்டா, லிண்டா."

சமையலறை பேசவில்லை. கடுகு மட்டும் வெடித்தது.

கண்ணையா மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கடுகு. பொறுமை போய்ப் படியிறங்கி வந்தார். கோமளா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா இல்லையா?"

"நல்லாக் கேக்குதுங்க. லிண்டாவைத்தானே கூப்புட்டீங்க. வந்து பேசட்டும்."

ஆபத்தில் இருக்கிற படகின் பெயரைத்தான் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்று கண்ணையா விளக்கினார். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்றாள் கோமளா. காய்காரர் வரைக்கும், லிண்டா வந்துவிட்டாளா என்று விசாரிக்கிறார்களாம். பட்டறையில் ஓடுகிற பம்புக்கு அவர் அம்மா பெயர். சின்ன மாடலுக்கு அவர் அக்கா பெயர். லாரிக்குக் குலதெய்வம். கல்யாணமாகி வந்ததிலிருந்து எதற்காவது தன் பெயர் வருமா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க, கடல் தாண்டி ஒரு லிண்டா வந்து மூன்று தடவை கூப்பிடு என்கிறாளாக்கும் என்று கேட்டுவிட்டு, ரசத்தை மூடினாள்.

கண்ணையா மாடிக்குப் போனார். யோசித்தார். பொத்தானை அழுத்தினார்.

"மேடே, மேடே, மேடே. கோமளா, கோமளா, கோமளா. மொட்டைமாடி. எஞ்சின்ல தண்ணி. மூணு பேரு. வந்து தூக்கு. ஓவர்."

"கேட்டாச்சுங்க. தூக்க ஆள் வருது. காப்பி ஆறுது. ஓவர்."

அன்றிலிருந்து காலையும் மாலையும் அதே. ஒரு நாள்கூட லிண்டா பேச்சு எழவில்லை. அழைப்பு அரை நிமிஷத்தில் முடிந்தது. யூசுப் வந்து கேட்டுவிட்டு ஆனந்தப்பட்டார். தேர்வு அன்று மட்டும் மறக்காமல் லிண்டா என்று சொல்லுங்கள் என்று நினைவூட்டினார். அதுகூடத் தெரியாதா என்றார் கண்ணையா. எதற்கும் இருக்கட்டும் என்று முழு அழைப்பையும் இங்கிலீஷில் நெட்டுருப் போட்டு வைத்தார். இங்கிலீஷில் ஆளை விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால் அது பத்திரமாக இருந்தது.

*

தேர்வு கொச்சியில். கார் ஓட்டி வந்தவன் லட்சுமிநாராயணன். அக்காவுக்கும், பாவா என்று அவன் கூப்பிடும் அக்கா கணவருக்கும் உதவி செய்கிறேன் என்று வந்தவன், வழியில் துறைமுகத்தில் நிறுத்தி, டேப் வைத்துப் படகை நீளவாக்கில் அளந்துகொண்டான். ஏசி அறைக்கு இடம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். கண்ணையா காரை விட்டு இறங்கவே இல்லை.

ஆபீஸ் வராந்தாவில் கோமளாவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணையா உள்ளே போனார். கதவு மூடியது.

அறையில் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு ரேடியோ. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட தேர்வு அதிகாரி. கண்ணையா மனசுக்குள் இங்கிலீஷை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. இந்தத் தடவை விழ மாட்டார்.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, கோயமுத்தூருங்களா? எனக்குப் பல்லடமுங்க. உக்காருங்க, சாப்புட்டாச்சுங்களா?"

கண்ணையா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நம்மூர் ஆளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றார் அதிகாரி. மழை உண்டா என்று கேட்டார். கண்ணையா மழையைச் சொன்னார். அவர் டீ வரவழைத்தார். இருவரும் டீ குடித்தார்கள். பிறகு அதிகாரி எழுந்து, அன்போடு கழுத்தில் கத்தியை வைத்தார்.

"நாம்ப ரெண்டு பேரும் எதுக்குங்க இங்கிலீஷ்ல கஷ்டப்படணும்? ஆபத்துல வாயில வர்ற பாஷைதான் வரும். தமிழ்லயே சொல்லுங்க, நான் முறையை மட்டும் பாக்கறேன். படகுல தண்ணி ஏறுது, மூணு பேரு இருக்கீங்க. கூப்புடுங்க. உங்க படகுப் பேரையே சொல்லுங்க."

அவர் உள்ளறைக்குப் போய் மறுமுனையில் உட்கார்ந்தார்.

கண்ணையா பொத்தானை அழுத்தினார். மறுமுனையில் பல்லடத்துக்காரர். டீ வாங்கிக் கொடுத்த மனிதர்.

"ஏனுங்க," என்று தொடங்கிவிட்டார். "டீ ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஒரு சின்ன விஷயம், தண்ணி ஏறுதுங்க, நீங்க பதற வேண்டாம், நம்ம பட்டறைல ஒரு ஒன்றரை எச்.பி. பம்பு இருக்குதுங்க..."

உள்ளறைக் கதவு திறந்தது. அதிகாரியின் முகத்தில் நிஜமான வருத்தம். இன்னொரு வாய்ப்பு உண்டு, அதோடு சரி என்றார். ஊர்க்காரர் என்பதற்காக விட்டுவிட முடியாது, கடலுக்கு ஊர் கிடையாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கண்ணையா திரும்பினார். வராந்தா பக்கம் திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார். லட்சுமிநாராயணன் போனில் யாரிடமோ, தோசைக்கல் எத்தனை அடி அகலத்தில் வரும் என்று காற்றில் கையால் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கோமளா. மடியில் பையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் கண்ணை மூடினார். பல்லடம் மறைந்தது. மிக்ஸி வந்தது. கடுகு வாசம் வந்தது. பொத்தானை அழுத்தினார்.

"மேடே, மேடே, மேடே. கோமளா, கோமளா, கோமளா. கொச்சி முகத்துவாரத்துக்கு மேற்க, அஞ்சு மைல். எஞ்சின்ல தண்ணி. மூணு பேரு. வந்து தூக்கு. ஓவர்."

விட்டார். கண்ணைத் திறந்தார்.

அப்போதுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. லிண்டாவைக் காணோம். அதோடு, ஒரு கெஜட்டட் ஆபீசரிடமே 'தூக்கு' என்று சொல்லியாகிவிட்டது.

வராந்தாவில் லட்சுமிநாராயணனின் போன் பேச்சு நின்றிருந்தது. அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"படகு பேரு கோமளாங்களா?"

கண்ணையா படகின் சிவப்பு எழுத்தை நினைத்தார். தோசைக்கல்லை நினைத்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த கோமளா எழுந்து நின்றிருந்தாள்.

"இன்னும் எழுத்து மாத்தலீங்க," என்றார். "ஆனா அதுதானுங்க பேரு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயரைச் சீக்கிரம் முறைப்படி மாற்றிவிடுங்கள், ஆபத்தில் சொல்கிற பெயரும் படகில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். பிறகு கை கொடுத்தார்.

"பாஸுங்க. நம்மூர்க்காரர் ஒருத்தர் எங்கிட்ட 'வந்து தூக்கு'ன்னு சொல்லி இப்பத்தானுங்க கேக்கறேன்."

கண்ணையா அதற்கு மன்னிப்புக் கேட்டார். அது கொஞ்ச நேரம் நடந்தது.

வராந்தாவில் லட்சுமிநாராயணன் டேப்பை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். வாழ்த்துகள் பாவா என்றான். குரலில் கிரைண்டர் ஓடவில்லை. தம்பி காரை எடுக்கப் போனதும் கோமளா கணவரைப் பார்த்தாள்.

கண்ணையாவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாய் தவறி வந்தது என்று சொன்னால் வீடு போகிறவரை என்ன நடக்கும் என்று யோசித்தார்.

"படகுக்கு உன் பேர் வெக்கலாம்னு..." என்று தொடங்கினார்.

"பொய் சொல்லாதீங்க. பழக்கத்துல வந்துருச்சு. தினமும் கேட்டவ நாந்தானுங்களே."

கண்ணையா தலையைத் தொங்கப்போட்டார்.

"அதனால என்னங்க," என்றாள் கோமளா. "படகு முழுகறப்போ கண்ணை மூடிக்கிட்டு நீங்க கூப்புட்டது யாரை? லிண்டாவையா?"

பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

*

பெயர் மாற்றும் காகித வேலையைக் கோமளாவே பின்னால் நின்று முடித்தாள். பட்டறையில் பம்புக்குப் பெயர் எழுதுகிற பெயின்டரையே கொச்சிக்குக் கூட்டிப்போனார்கள். அவர் பழக்கதோஷத்தில் 'கோமளா' என்று எழுதி, கீழே 'ஐ.எஸ்.ஐ. தரம்' என்றும் எழுதத் தொடங்கினார். கோமளா தடுக்கவில்லை. கண்ணையாதான் தடுத்தார்.

சொன்ன சொல் தவறாமல் முதல் பயணத்துக்கு அவள் ஏறினாள். லைஃப் ஜாக்கெட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். லட்சுமிநாராயணனும் வந்தான். துறைமுகம் தாண்டுவதற்கு முன்பே பக்கவாட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட தோசையைப் பற்றி வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினான்.

முகத்துவாரம் வந்தது. வெளியே போகும் முன் ரேடியோவைச் சோதிக்க வேண்டும். கண்ணையா, லைசென்ஸ் வாங்கிய கண்ணையா, மைக்கை எடுத்தார்.

"கொச்சித் துறைமுகம். இது கோமளா, கோமளா, கோமளா."

"ஏனுங்க," என்றாள் பக்கத்திலிருந்த கோமளா.

"உன்னையில்ல. ரேடியோ சோதனை. ஓவர்."

துறைமுகத்திலிருந்து ஒரு மலையாளக் குரல், தெளிவாகக் கேட்கிறது கோமளா, ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள் என்று தமிழ் கலந்து சொன்னது. குரல் கனிவாக இருந்தது. அங்கேதான் கண்ணையா நழுவினார்.

"ரொம்ப நன்றிங்க. உங்களுக்கு எந்த ஊருங்க? டியூட்டி எப்ப முடியுதுங்க? சாப்புட்டாச்சுங்களா?"

ரேடியோ ஒரு தடவை கரகரத்தது. பிறகு குரல், புட்டும் கடலையும் என்று பதில் சொல்லிவிட்டது. கண்ணையாவுக்கு உற்சாகம் பிறந்தது. புட்டுக்குக் கடலை நல்லதா பயறு நல்லதா என்ற விஷயத்துக்குள் இறங்கினார். பின்னால் ஒரு மீன்பிடிப் படகு வழிக்காக ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"சரிங்க, அப்ப வெச்சரட்டுங்களா?" என்றார் கண்ணையா. "வெச்சர்றனுங்க."

வைக்கவில்லை. மறுமுனை வைக்கட்டும் என்று காத்திருந்தார். மறுமுனையும் மரியாதைக்குக் காத்திருந்தது.

கோமளா கை நீட்டி மைக்கை வாங்கினாள். பொத்தானை அழுத்தினாள்.

"கோமளா. அவுட்."

மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வண்டியை எடுங்க என்றாள்.